குற்ற வழக்கில் செலவு யார் தலையில்?

"கேஸு ஜெயிச்சா செலவுத்தொகையும் சேர்த்து வந்துருமுங்களா?" கோவையிலோ ஈரோட்டிலோ தாராபுரத்திலோ வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் இப்படிக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்குக் கோர்ட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சிவில் கோர்ட்டுதான். பாகப்பிரிவினை, கிணற்றுப் பங்கு, வண்டித்தடம், வாய்க்கால் முறை என்று பங்காளிகளுக்குள் தலைமுறை தாண்டி நடந்த வழக்குகளின் தீர்ப்பு நகல் பல வீட்டுப் பீரோவில் இருக்கும். தோற்றவர் ஜெயித்தவருக்குச் செலவு கொடுப்பது அங்கே பொது விதி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதே கணக்கோடு கிரிமினல் கோர்ட்டுப் படி ஏறுபவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். அங்கே அப்படி ஒரு பொது விதியே கிடையாது. ஜெயித்தாலும் தோற்றாலும் கைக்காசு போனது போனதுதான், சில விதிவிலக்குகள் தவிர.

அந்த விதிவிலக்குகளுக்கு முன்னால் அடிப்படையைப் பார்த்துவிடலாம். போலீஸ் வழக்குக் கட்டின் முதல் பக்கத்தில் ஒரு பக்கம் "அரசு, பிரதிநிதி: காவல் ஆய்வாளர், இன்ன காவல் நிலையம்" என்று இருக்கும், எதிர்ப்பக்கம் குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் இருக்கும். அடிபட்டவர், பணத்தை இழந்தவர், மகளைப் பறிகொடுத்தவர் யாருடைய பெயரும் அங்கே இராது. அவர் உள்ளே சாட்சிப் பட்டியலில் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி, என்று இருப்பார். குற்றம் அரசுக்கு எதிரானது, வழக்கு நடத்துவது அரசின் கடமை என்ற கோட்பாடு இது. அதனால் புலன்விசாரணைச் செலவு, தடய அறிவியல் சோதனை, பிரேதப் பரிசோதனை, அரசு வழக்கறிஞர் சம்பளம் எல்லாமே அரசுக் கஜானாவைச் சேர்ந்தவை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஏ.பி.பி. என்று எல்லோரும் சொல்லும் அரசு உதவி வழக்கறிஞர் வழக்கை நடத்துவார். செஷன்ஸ் கோர்ட்டில் பி.பி. எனும் அரசு வழக்கறிஞர் நடத்துவார். புகார் கொடுத்தவர் இவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். குற்றப்பத்திரிகையும் ஆவணங்களும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில், வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசம். சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நகலையும் காசு வாங்காமல் கையில் கொடுக்க வேண்டும். ஜெராக்ஸுக்கு என்று யாராவது கை நீட்டினால், அந்தக் கைக்குச் சட்டத்தில் இடமில்லை.

அப்படியானால் புகார்தாரர் எதற்காகத் தனியாக வக்கீல் வைக்கிறார்? நம்பிக்கையின்மைதான் காரணம். ஒரு நாளைக்கு எத்தனையோ கட்டுகளைப் புரட்டும் ஏ.பி.பி.க்கு நம் வழக்கின் கதை தெரியுமா என்ற கவலை நியாயமானதுதான். சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தன் சொந்த வக்கீலை அரசுத் தரப்புக்கு உதவியாக அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் அந்த வக்கீல் அரசு வழக்கறிஞர் சொல்படிதான் நடக்க வேண்டும். சாட்சி விசாரணை முடிந்ததும் கோர்ட்டு அனுமதியோடு எழுத்துப்பூர்வமான வாதம் தரலாம், அவ்வளவுதான். தானாக எழுந்து குறுக்கு விசாரணை செய்யவோ வாய்மொழியாக வாதாடவோ முடியாது என்று ரேகா முரார்கா வழக்கில் 2019இல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெரிய வக்கீலை வைத்தால் அவர் கோர்ட்டை உலுக்கிவிடுவார் என்று தோட்டத்தை அடமானம் வைப்பவர்கள் இந்த வரம்பை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. என் கருத்தைக் கேட்டால், சாதாரண அடிதடி வழக்கில் புகார்தாரருக்குத் தனி வக்கீல் வீண் செலவு. கொலை, வரதட்சணைச் சாவு, பாலியல் குற்றம் போன்றவற்றில் ஜாமீன் மனுவை எதிர்க்கவும், கட்டில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்கவும் ஒரு ஆள் இருப்பது பெரிய பலம்.

பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1995ஆம் ஆண்டு விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட ஆட்சியர் மூத்த வழக்கறிஞர் ஒருவரை அரசுச் செலவில் அமர்த்தலாம். பாதிக்கப்பட்டவரும் சாட்சிகளும் கோர்ட்டுக்கு வந்துபோகும் பயணப்படி, தினப்படி, சாப்பாட்டுச் செலவையும் அரசு தர வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு இதை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. இதெல்லாம் தானாக வந்து மடியில் விழுந்துவிடாது என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கைப் பார்க்கலாம். 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்ட அந்தப் பட்டியல் சாதி இளைஞரின் உடல் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. நாமக்கல்லில் நடந்துவந்த விசாரணையில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ, தாயார் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு மதுரைக்கு மாறியது. பவானியைச் சேர்ந்த வழக்கறிஞர் ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. அரசுதான் வழக்கு நடத்துகிறது என்ற கோட்பாட்டை நிஜமாக்க ஒரு தாய் எத்தனை முறை படியேற வேண்டியிருந்தது என்பது எந்தச் செலவுக் கணக்கிலும் வராது.

இனி எதிர்ப்பக்கம். குற்றம் சாட்டப்பட்டவர் தன் வக்கீலுக்குத் தானே கொடுக்க வேண்டும். முடியாதவருக்கு அரசு கொடுக்க வேண்டும். அரசமைப்பின் 22ஆம் பிரிவு விருப்பப்பட்ட வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது; 1976இல் சேர்ந்த 39ஏ இலவசச் சட்ட உதவியைச் சொல்கிறது. 1979இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கு, 1981இல் கத்ரி வழக்கு, 1986இல் சுக் தாஸ் வழக்கு என்று உச்சநீதிமன்றம் இதைப் படிப்படியாக இறுக்கிக்கொண்டே வந்தது. மாஜிஸ்திரேட் முன் முதல் தடவை நிறுத்தும்போதே வக்கீல் உண்டு. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது கோர்ட்டின் கடமை. வக்கீலே இல்லாமல் நடந்த விசாரணையின் தண்டனை நிற்காது. பழைய சட்டத்தில் செஷன்ஸ் விசாரணைக்கு மட்டும் கட்டாயமாக இருந்த அரசுச் செலவு வக்கீல், பி.என்.எஸ்.எஸ். 341ஆம் பிரிவில் எந்தக் கோர்ட்டின் விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் என்று விரிந்திருக்கிறது.

நம் பக்கத்தில் பலரும் தவறவிடுவது இங்கேதான். இலவச வக்கீல் என்றால் பரம ஏழைக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. வருமான வரம்பு என்பது அந்தப் பட்டியலின் கடைசி இனம் மட்டுமே. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானக் கேள்வியே கிடையாது. பெருந்துறையில் கணவன் மீது புகார் கொடுத்த பெண் வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் தகுதி உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனியில் சிங்கர் மெஷினில் உட்காரும் டெய்லருக்கும், பல்லடத்துத் தறிக்குடோனில் வேலை செய்பவருக்கும், கோவை மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருப்பவருக்கும் உண்டு. மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழு இருக்கும். வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்கு போன் போட்டும் கேட்கலாம்.

"ஓசி வக்கீலுங்க, நமக்கு எங்க பேசுவாரு?" என்ற இளக்காரம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. சட்ட உதவிப் பட்டியலில் இருக்கும் பேனல் வக்கீல்களுக்கு அரசு கொடுத்த தொகை சொற்பம். அவர்களுக்குச் சொந்த வழக்குகளும் இருந்ததால் இலவசக் கட்டு அடியில் போய்விடும். இதை மாற்றத்தான் 2022இல் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு முழுநேர எதிர்வாத வழக்கறிஞர் முறையைக் கொண்டுவந்தது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு கிரிமினல் வழக்குகளை மட்டும் நடத்தும் இவர்கள் வெளியில் தனி வழக்கு எடுக்கக் கூடாது. ஆயுள் தண்டனையோ தூக்கோ கிடைக்கக்கூடிய வழக்கில், கோர்ட்டு அமர்த்தும் வக்கீலுக்குக் குறைந்தது பத்து ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும், தயாராக ஏழு நாளாவது தர வேண்டும் என்று 2019இல் அனோக்கிலால் வழக்கில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: சட்ட உதவியில் வந்த வக்கீல் கட்சிக்காரரிடம் எந்த வகையிலும் பணம் கேட்கக் கூடாது என்று 2010ஆம் ஆண்டு விதிமுறையே இருக்கிறது. "டைப்பிங் செலவு மட்டும் குடுங்க" என்பதும் அதில் அடக்கம்.

வக்கீல் இலவசமாகக் கிடைத்துவிட்டாலும் ஜாமீன் இலவசமாகக் கிடைப்பதில்லை. இரண்டு ஜாமீன்தாரர், சொத்து வரி ரசீது, சொத்து மதிப்பைக் காட்டும் சால்வன்சி சான்று என்று கேட்கும்போது உள்ளூர்க்காரருக்கு மாமன், மச்சான் வந்து கையெழுத்துப் போடுவார்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து திருப்பூரில் செக்கிங் வேலை பார்ப்பவருக்கு யார் வருவார்? அவருக்குக் கோர்ட்டு வாசலில் காசுக்கு ஜாமீன் போடும் ஆளைத் தவிர வேறு கதி இல்லை என்பதுபோல ஆக்கிவிட்டோம். 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனார் வழக்கில் இதே பிரச்சினை வந்தது. ஜாமீன் போட முன்வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். வெளி மாவட்டம், வெளி மாநிலம் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது என்று தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். வாளையாறு தாண்டினால் வரும் பாலக்காட்டில் பிறந்தவர் அவர். ஜாமீன் உத்தரவு வந்தும் பணம் கட்ட முடியாமல் சிறையிலேயே இருப்பவர்களுக்காக 2023இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்டபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் வெளியே வர முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டு தானாகவே பார்க்கலாம் என்று அதே ஆண்டு உச்சநீதிமன்றம் சொன்னது.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கில் வரும் செலவு. கணக்கில் வராத செலவுதான் ஆளைச் சாய்க்கிறது. மூலனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாராபுரம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வரும் ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியும் முன்னே பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, ஆட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பத்தரைக்குக் கோர்ட்டு கூடும்போது வாசலில் நிற்காவிட்டால், பேர் கூப்பிட்ட நேரம் ஆள் இல்லை என்று பிடிவாரண்ட் போய்விடும் என்ற பயம். பெயர் கூப்பிட்டதும் கூண்டுக்குள் போய்க் கைகூப்பி நிற்பார். "சாட்சி வரலைங்க" என்பார் கோர்ட்டு டூட்டி ஏட்டு. அடுத்த தேதி விழும். மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. வெளியே வந்தால் குமாஸ்தாவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், கூட வந்தவருக்கு டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும், அன்றைய கூலி போயிற்று. சிறு அடிதடி வழக்குக்கும் இப்படி வருடக்கணக்கில் நடந்தால், கடைசியில் விதிக்கப்படும் அபராதத்தைவிட அலைச்சல் செலவு பல மடங்காகிவிடும்.

சட்டம் இதைத் தெரியாமல் இல்லை. காரணமில்லாமல் வாய்தா கேட்கும் தரப்பை எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கொடுக்கச் சொல்ல பி.என்.எஸ்.எஸ். 346ஆம் பிரிவு இடம் தருகிறது. அரசுத் தரப்பையும்கூட அப்படிக் கொடுக்கச் சொல்லலாம். அரசுத் தரப்புக்கு எதிராக இதைப் பயன்படுத்துவது அபூர்வம். குறுக்கு விசாரணையைத் தவறவிட்டு சாட்சியைத் திரும்ப அழைக்கக் கேட்கும் எதிரிக்குத்தான், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான், பெரும்பாலும் செலவு போடுகிறார்கள். சாட்சியாகவும் புகார்தாரராகவும் வந்துபோகிறவருக்கு நியாயமான செலவை அரசிடமிருந்து தரச் சொல்ல 350ஆம் பிரிவும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், கேட்பவர்கள் குறைவு. "சாட்சி சொல்லப் போய்ட்டு காசு கேக்கறதா" என்று கூச்சப்படுகிறார்கள்.

இனி விடுதலையானவர் கதைக்கு வருவோம். பொய் வழக்கு என்று கோர்ட்டே சொல்லி விடுவித்தாலும், வக்கீல் ஃபீஸாகக் கொடுத்த பணத்தை அரசு திருப்பித் தருவதில்லை. ஜெர்மனியில் விடுதலையானவரின் அவசியச் செலவை அரசுக் கஜானா ஏற்கிறது. தண்டிக்கப்பட்டவர் வழக்கு நடத்திய செலவைக் கட்ட வேண்டும். இங்கிலாந்திலும் ஒரு வரம்புக்குள் திரும்பப் பெற வழி உண்டு. நம்மிடம் இருப்பது மூன்று சிறு சந்துகள். மாஜிஸ்திரேட் விசாரித்த வழக்கில் நியாயமான காரணமே இல்லாமல் குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், புகார் கொடுத்தவரை இழப்பீடு தரச் சொல்லலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 273, அந்த மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடிய அபராதம்தான் உச்சவரம்பு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு அது இப்போது 50,000 ரூபாய். இரண்டாவது, ஆதாரமில்லாமல் ஒருவரைப் போலீசில் பிடித்துக் கொடுத்தவர், கைதானவரின் நேர இழப்புக்கும் செலவுக்கும் இழப்பீடு தர வேண்டும் என்கிற 399ஆம் பிரிவு. தொகை எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. புதுச் சட்டம் எழுதும்போதுகூட அந்த ஆயிரத்தைத் தொடாமல் விட்டதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. மூன்றாவது, தீய நோக்கோடு வழக்குத் தொடுத்தார் என்று சிவில் கோர்ட்டில் நட்ட ஈடு கேட்பது. விடுதலையான நாளிலிருந்து ஒரே வருடத்துக்குள் போட வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். விடுதலைத் தீர்ப்பு மட்டும் போதாது, கெட்ட எண்ணத்தையும் நிரூபிக்க வேண்டும். ஒரு கோர்ட்டிலிருந்து தப்பி வந்தவர் அடுத்த கோர்ட்டில் நுழைய எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்?

1998 கோவைக் குண்டுவெடிப்பு வழக்கில் கைதான கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி, ஒன்பது ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 2007 ஆகஸ்ட் 1 அன்று விடுதலையானார். அவரைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரின் அந்த ஆண்டுகளுக்குச் சட்டத்தில் பதில் இல்லை என்பது உண்மை. இஸ்ரோ உளவு வழக்கில் கைதான விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் தரும்படி 2018இல் உச்சநீதிமன்றம் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. கைதாகி 24 ஆண்டு கழித்து வந்த உத்தரவு அது. அதே ஆண்டு சட்ட ஆணையம் தன் 277ஆம் அறிக்கையில், தவறான வழக்கில் சிக்கியவர்களுக்கு அரசே இழப்பீடு தரத் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது இன்னும் பரிந்துரையாகவே இருக்கிறது.

தண்டனை பெற்றவரிடமிருந்து வசூலிக்க முடியாதா என்றால், பி.என்.எஸ்.எஸ். 395ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. அபராதம் விதிக்கும்போது அதிலிருந்து வழக்கு நடத்திய செலவை ஈடுகட்டவும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரவும் கோர்ட்டு உத்தரவிடலாம். இரண்டும் வேறு வேறு. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தபோது, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அது இழப்பீடு, வழக்குச் செலவு அல்ல. திருப்பூர் பாசி நிதி நிறுவன வழக்கில் 2022 ஆகஸ்டில் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டத்தின் கீழ் இயங்கும் கோவை டான்பிட் நீதிமன்றம் இரண்டு இயக்குநர்களுக்கு 27 ஆண்டுச் சிறையோடு 171 கோடியே 74 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.  ஆனால் தீர்ப்பில் எழுதிய அபராதம் வேறு, கையில் வசூலாகும் பணம் வேறு.

கொங்கு நாட்டில் கிரிமினல் கோர்ட்டுச் செலவு என்றால் பெரும்பகுதி செக் கேஸ்தான். நூல் கடன், துணிக் கடன், கைமாற்று, சீட்டுப் பணம் என்று எல்லாவற்றுக்கும் செக் வாங்கி வைக்கும் ஊர் இது. செக் திரும்புவது குற்றம்தான். ஆனால் போலீஸ் வராது, ஏ.பி.பி. வரமாட்டார். புகார்தாரர் தன் காசில் வக்கீல் வைத்து, வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் பொறுத்து, அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார் போட வேண்டும். எதிரிக்குச் சம்மன் போகப் பேட்டா என்னும் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் புகாரையே தள்ளிவிடலாம். வாய்தாவுக்கு வராவிட்டால் எதிரி விடுதலையாகிவிடவும் கூடும். ஒரே ஆறுதல், 2015 திருத்தத்துக்குப் பிறகு பணம் வர வேண்டியவரின் வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். டெல்லிக்காரர் கொடுத்த செக்குக்குக் கரூர் வியாபாரி டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை.

நான்கு லட்சம் ரூபாய் செக் ஒன்றை வைத்துப் பார்ப்போம். எதிரி குற்றத்தை மறுத்தால், செக் வழக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 2018இல் வந்த 143ஏ பிரிவின்படி 20 சதவீதம் வரை, அதாவது 80,000 ரூபாய் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பிற்பாடு எதிரி விடுதலையானால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்பதால், வந்த பணத்தை உடனே நூல் மில்லுக்குக் கட்டிவிட வேண்டாம். தண்டனையானால் செக் தொகையின் இரண்டு மடங்கு வரை, எட்டு லட்சம் வரை, அபராதம் போடலாம்; வக்கீல் செலவு, வட்டி எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் இழப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்கக் கோருகிறார்கள். எதிரி மேல்முறையீடு போனால் விதித்த அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லலாம். நடுவில் ராஜியானால்? இழுத்தடித்ததற்கு ஒரு விலை வைக்க 2010இல் தாமோதர் பிரபு வழக்கில் உச்சநீதிமன்றம் 10, 15, 20 சதவீதம் என்று படிகள் வகுத்தது. 2025 செப்டம்பரில் அதைக் குறைத்தது. எதிரி தன் தரப்புச் சாட்சியம் தொடங்கும் முன் பணத்தைக் கட்டினால் கூடுதல் செலவில்லை, அதற்குப் பின், தீர்ப்புக்கு முன் என்றால் 5 சதவீதம், செஷன்ஸ் அல்லது உயர்நீதிமன்றத்தில் ஏழரை, உச்சநீதிமன்றத்தில் 10. நம் நான்கு லட்சத்துக்கு அது 20,000, 30,000, 40,000. இந்தப் பணம் அலைந்து திரிந்த புகார்தாரருக்குப் போகாது, சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும். அதனால் ராஜி பேசும்போதே வக்கீல் ஃபீஸையும் சேர்த்துத் தொகை பேசி எழுதிக்கொள்வதுதான் விவரமானவர்கள் செய்வது. பெரும்பாலும் இந்த வழக்குகளில் செலவு திரும்பக் கிடைப்பது தீர்ப்பில் அல்ல, பேச்சுவார்த்தையில்.

தனி நபர் நேரடியாகக் கோர்ட்டில் போடும் வேறு சில புகார்களுக்கு, போலீஸ் தானாகப் பிடிக்க முடியாத குற்றங்களுக்கு, பி.என்.எஸ்.எஸ். 400ஆம் பிரிவு உதவும். எதிரி தண்டிக்கப்பட்டால் பேட்டா, சாட்சிச் செலவு, நியாயமான வக்கீல் ஃபீஸ் ஆகியவற்றைப் புகார்தாரருக்குத் தரச் சொல்லலாம். கிரிமினல் சட்டத்தில் சிவில் வழக்கின் செலவுத்தொகைக்கு மிக நெருங்கி வருவது இதுதான். அதேபோல் வண்டித்தடத்தை மறித்துவிட்டான், தண்ணீர் பாயவிடமாட்டேன் என்கிறான் என்று அமைதிக் குலைவு பேரில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. முன் போகும் வழக்குகளில், யார் செலவை யார் ஏற்பது என்று அந்த அதிகாரியே 167ஆம் பிரிவின் கீழ் உத்தரவிடலாம். ஜீவனாம்ச மனுவில் மனைவி மாதத் தொகையோடு வழக்குச் செலவையும் இடைக்காலமாகவே கேட்கலாம். மனுவில் அந்த ஒரு வரியைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

சொந்தக் காசில் வக்கீல் வைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. வழக்கு ஜெயித்தால் இவ்வளவு, வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருக்கின்றன. ஃபீஸ் பாக்கி என்பதற்காகக் கேஸ் கட்டைத் தராமல் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது, ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் இதை முடித்து வைத்துவிட்டது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம், கட்டை நிறுத்த முடியாது. வேறு வக்கீலுக்கு மாறும்போது கட்டு வரவில்லை என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள், அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வராவிட்டால் சென்னையில் இருக்கும் மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம்.